தலை எண்ணாத ஒன்பது நாள்

முதல் நாள்: திருநெல்வேலியிலிருந்து ஹனோய்

"அங்க போய் என்னத்தட்டி திம்ப?"

வியட்நாம் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். யாரோடு போகிறாய் என்பது இரண்டாவது. யாரோடும் இல்லை, தனியாகத்தான் என்றேன். மூன்றாவது கேள்வி வரவில்லை. எழுந்து போய்ப் புளிக்காய்ச்சல் கிண்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பாட்டில் இப்போது என் பெட்டியில், மூன்று சேலைத் துணி சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரிப் படுத்திருக்கிறது.

எனக்கு 49 வயது. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்கிறவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். ஊர் சுற்றாதவள் இல்லை. அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், சித்தி, சித்தப்பா என்று 11 பேராக மலேசியா, சிங்கப்பூர் போயிருக்கிறோம். இலங்கைக்கு ஒரு தடவை. எல்லாவற்றிலும் எனக்கு ஒரே வேலை, தலை எண்ணுவது. பஸ் ஏறுமுன் எண்ண வேண்டும், ஏறியதும் எண்ண வேண்டும். எல்லார் பாஸ்போர்ட்டும் என் கைப்பையில். பத்துமலையில் 272 படி. "அத்தை கீழ இருக்கட்டும், பையையும் செருப்பையும் பாத்துக்கிடுவா" என்று அண்ணன் சொன்னான். மேலே போனவர்கள் முருகனைப் பார்த்தார்கள். நான் பத்து ஜோடிச் செருப்பைப் பார்த்தேன்.

குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. வேலையாக இருக்கிறவளிடம் உனக்கு என்ன வேணும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ஹனோய். விசாவை வீட்டில் உட்கார்ந்தே எடுத்தாயிற்று, 25 டாலர். கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்கு வரிசையில் நின்றபோது விரல் தானாக எண்ணத் தொடங்கியது. ஒன்று. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

ஹனோய் வந்து சேர்ந்தபோது இரவு. நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் இருக்கிறது ஊர். விடுதி அறைக் கதவைத் தாழ் போட்டு, நாற்காலியையும் இழுத்து அண்டக் கொடுத்து, விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள்: ஹனோய்

காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. ஹோவான் கியெம் ஏரி நடந்து போகும் தூரம். தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஒரு ஈரம். மார்ச் மாதத்தில் இங்கே இப்படித்தானாம். ஏரியைச் சுற்றி வயதானவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள், சிலர் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். ஏரிக்குள் ஒரு கோயில், அதற்குச் சிவப்பு மரப்பாலம். சீனர்களை விரட்டிய லெ லோய் என்ற அரசன், தனக்குக் கிடைத்த மந்திர வாளை இந்த ஏரியில்தான் ஒரு ஆமையிடம் திருப்பிக் கொடுத்தானாம். ஏரியின் பெயருக்கே திருப்பித் தந்த வாள் என்றுதான் பொருள். வேலை முடிந்ததும் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்த ராஜா! கதையாக இருந்தாலும் பிடித்திருந்தது.

அப்புறம் சாலை. நெல்லை ஜங்ஷனில் சாலை கடக்கிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்றுதான் இறங்கினேன். நம் ஊரில் கையைக் காட்டினால் திட்டிக்கொண்டாவது நிற்பார்கள். இங்கே யாரும் நிற்பதில்லை, திட்டுவதும் இல்லை. ஸ்கூட்டர்கள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருக்கின்றன. பத்து நிமிடம் ஓரத்தில் நின்றேன். கடைசியில் காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டி இறங்கினார். அவர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு போனேன். அவர் ஓடவில்லை, நிற்கவும் இல்லை, ஒரே சீராக நடந்தார். வண்டிகள் அவரைச் சுற்றி வளைந்து போயின. மதியம் தனியாகக் கடந்து பார்த்தேன். நடுவில் பயந்து நின்றதுதான் தப்பு, ஒருவன் கிட்டத்தட்ட என் கால்மேல் ஏற்றியிருப்பான். நடந்தால் அவர்களுக்குக் கணக்குப் புரிகிறது, நின்றால் குழம்பிவிடுகிறார்கள்.

சாப்பாடு. எங்கள் வீடு சைவம், முட்டைகூடக் கிடையாது. இங்கே சைவத்துக்கு 'சாய்' என்று பெயர், வடக்கே டீக்குச் சொல்கிற அதே சத்தம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது நாளை ஓட்ட வேண்டும். நடைபாதையில் நம் பாலர் பள்ளி முக்காலி உயரத்துக்கு நீல, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. டோஃபு, கீரை, காளான், அரிசிச் சேமியா. காரம் இல்லை. பையில் வைத்திருந்த இட்லிப்பொடியை ஓரமாகக் கொட்டிக்கொண்டேன். கடைக்காரம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், மறுபடி தொட்டார்.

காபிதான் ஆச்சரியம். டம்ளர் மேல் ஒரு குட்டி ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஃபின். சொட்டுச் சொட்டாக டிகாக்ஷன் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடியில் டின்னில் வரும் கெட்டிப்பால். பிரேசிலுக்கு அடுத்தபடி உலகிலேயே அதிகம் காபி விளைவது இந்த நாட்டில்தான், பெரும்பாலும் ரொபஸ்டா. கசப்பு உச்சந்தலையில் ஏறுகிறது. இந்த ஊரில் பெயர் பெற்றது முட்டைக் காபி. 1946-இல் பால் கிடைக்காத காலத்தில், ஒருவர் முட்டை மஞ்சள் கருவை நுரைக்க அடித்து மேலே ஊற்றிப் பார்த்ததில் பிறந்ததாம். பக்கத்து ஸ்டூல்காரர் சாப்பிட்டதைப் பார்த்ததோடு சரி.

மூன்றாம் நாள்: ஹனோய், இரவு ரயில்

நேற்று இரவு கணக்கு எழுதும்போது 4,80,000 டாங் இடித்தது. மூன்று முறை கூட்டினேன். இந்த ஊர்ப் பணத்தில் இரண்டு சுழியத்தைத் தட்டிவிட்டு மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ நம் ரூபாய் வந்துவிடும். அதாவது 1,600 ரூபாய் காணோம்.

கட்டிலில் எல்லா நோட்டையும் பரப்பியதும் புரிந்துவிட்டது. 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். இரண்டிலும் அதே ஹோ சி மின் முகம். தோளில் காவடி மாதிரிக் கூடை தூக்கி வந்த பழக்காரம்மாவிடம் அன்னாசித் துண்டு வாங்கி, சின்ன நீலத்துக்குப் பதில் பெரிய நீலத்தைக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடுகிறவள் நான். காலையில் அதே முனையில் ஒரு மணி நேரம் நின்றேன். கூடைக்காரம்மாக்கள் ஏழெட்டுப் பேர் போனார்கள், எல்லாரும் ஒரே மாதிரிக் கூம்புத் தொப்பி. அவருக்கே தெரிந்திருக்குமோ தெரியாதோ. குடும்பத்தோடு வந்தபோது இப்படி ஆகியிருந்தால் அண்ணன் அந்த வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பான். இங்கே திட்ட ஆளில்லை, நானே கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டேன். பிறகு நோட்டில் "அன்னாசி: 1,670" என்று எழுதிக் கணக்கை நேர் செய்தேன். இன்று காலையிலிருந்து சின்ன நீலம் பர்ஸில், பெரிய நீலம் இடுப்புப் பையில்.

மதியம் இலக்கியக் கோயில் போனேன். 1070-இல் கன்ஃபூசியஸுக்குக் கட்டியது. அரசாங்கத் தேர்வில் தேறியவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, ஒவ்வொரு கல்லையும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிறுத்தியிருக்கிறார்கள். 82 ஆமைகள். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் ஆமைத் தலையைத் தடவித் தடவி மழுங்கிப்போய், இப்போது வேலி போட்டுவிட்டார்கள். நம் பிள்ளையார்களுக்கு இந்தக் கவலை இல்லை, எண்ணெய்க் காப்பு இருக்கிறது. தம்பி மகன் இந்த வருடம் ப்ளஸ் டூ. வேலிக்கு இப்பால் நின்றே அவன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டு வைத்தேன். அந்தக் கோயில் 1,00,000 நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது என்பதை வெளியே வந்து தண்ணீர் வாங்கும்போது கவனித்தேன். நோட்டுகளை இப்போதெல்லாம் உற்றுத்தான் பார்க்கிறேன்.

இப்போது ஹனோய் ஸ்டேஷன். ஹுவே போகும் இரவு ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

நான்காம் நாள்: ரயில், ஹுவே

ரயிலைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஹுவேயைப் பற்றிக் கொஞ்சம் போதும்.

நான்கு படுக்கை உள்ள அடைப்பு. எனக்குக் கீழ்ப் படுக்கை. எதிரே ஒரு வயதான தம்பதி, என் மேலே இருபது வயதுக் கல்லூரிப் பையன். வண்டி நகர்ந்து ஐந்து நிமிடத்தில் பாட்டி என்னைக் காட்டி அவனிடம் ஏதோ கேட்டார். அவன் தயங்கித் தயங்கிப் போனில் தட்டி நீட்டினான். வயது என்ன? கல்யாணம் ஆயிற்றா? பிள்ளைகள் எத்தனை? வெளிநாட்டுக்காரர்கள் இப்படிக் கேட்டால் கோபப்படுவார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல, மன்னிப்பும் சேர்த்துத் தட்டியிருந்தான். நான் சிரித்துவிட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இந்த மூன்று கேள்வியும் தாம்பரம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது என்றான். அவர்கள் மொழியில் வெறும் 'நீங்கள்' என்று பேச்சை ஓட்ட முடியாது. எதிரே இருப்பவரின் வயது தெரிந்தால்தான் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியும். பாட்டி என்றால் 'பா', தாத்தா என்றால் 'ஓங்', அக்கா 'சீ', தம்பி தங்கை 'எம்'. சரி, நான் உனக்கு என்ன முறை என்று கேட்டேன். "கோ" என்றான். போனில் தமிழுக்கு மாற்றிக் காட்டினான்.

அத்தை.

அப்பாவுடன் பிறந்தவளுக்கு வைத்த சொல்லாம், அதையே அம்மா வயதுப் பெண்களுக்கும் சொல்வார்களாம். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எதை இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்று கடல் தாண்டினேனோ அது எனக்கு முன்னால் வந்து ரயிலில் இடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று, இந்த மருமகன் என்னிடம் பையைக் கொடுக்கவில்லை. என் பெட்டியை அவனே தூக்கி மேலே வைத்தான்.

கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னதும் பாட்டி என் முழங்காலைத் தட்டி ஏதோ சொன்னார். பையன் சிவந்துபோய் மொழிபெயர்த்தான்: "நல்லாத் தூக்கம் வரும்." தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். விரலில் ஒட்டிய நெய்யைத் தாத்தா வேட்டியில் துடைக்கிற மாதிரி பேண்டில் துடைத்துக்கொண்டார். பாட்டி கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஏறத்தாழ 13 மணி நேரப் பயணம், நான் ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன். பாட்டி சொன்னது சரிதான்.

இறங்கும்போது பாட்டியின் மூட்டைகள் நான்கா ஐந்தா என்று நானே எண்ணிச் சரிபார்த்தேன். பழக்கம் எங்கே போகும்.

ஹுவே 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம். கோட்டை பெரியது. உள்ளே அரண்மனை இருந்த இடத்தில் பாதிக்குமேல் புல்தரை. 1947, 1968 சண்டைகளில் நொறுங்கியதை இப்போது ஒவ்வொன்றாக எழுப்புகிறார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்து அலுத்துப்போனேன். மாலையில், 'வாசனை ஆறு' என்று பெயர் கொண்ட ஆற்றின் கரையில் தியென் மூ கோயில். 1601-இல் தொடங்கியது, ஏழு நிலைக் கோபுரம். பின்னால் ஒரு கொட்டகையில் வெளிர்நீல ஆஸ்டின் கார் நிற்கிறது. 1963-இல் திக் குவாங் தூக் என்ற துறவி சைகோன் நடுவீதியில் தீக்குளிக்க வந்து இறங்கிய கார். பௌத்தர்களை அன்றைய அரசு நடத்திய விதத்தைக் கண்டித்து அதைச் செய்தார். அந்தக் காரின் முன்னால் கூட்டமாக வந்தவர்கள் படம் எடுத்துவிட்டு உடனே நகர்ந்தார்கள். எனக்குக் கூப்பிட யாரும் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள்: ஹோய் ஆன்

ஹுவேயிலிருந்து தா நாங் வரை ரயில், இடது பக்க ஜன்னல். மலை இறங்கிக் கடலில் கால் வைக்கிற இடத்தில் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஹாய் வான் கணவாய். வண்டி ஒரு சுரங்கத்தில் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் கீழே புதிதாக ஒரு கடல். இரண்டரை மணி நேரமும் வாய் திறக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. யாருக்கும் வாந்தி வரவில்லை, யாருக்கும் பசிக்கவில்லை, யாரும் "அத்தை, எப்ப வரும்" என்று கேட்கவில்லை.

ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. தா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டர் காரில் போனேன்.

ஊர் அழகு. அழகு என்பதுதான் இன்றைக்குப் பிரச்சினை. மஞ்சள் சுவர், கலர்க் கலராக விளக்குகள், ஆறு, எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாக. மாலை ஆறு மணிக்கு ஓர் உணவகத்தில் "எத்தனை பேர்" என்று கேட்டார்கள். ஒன்று என்று விரல் காட்டினேன். எதிர் நாற்காலியை எடுத்துப் பக்கத்து மேசைக்குப் போட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், அங்கே ஆள் அதிகம். ஆனால் அந்த நாற்காலி இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. அறைக்கு வந்து புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து, கடையில் வாங்கிய வெறும் சோற்றில் பிசைந்து தின்றேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "என்ன தின்ன?" என்றாள். சொன்னேன். "அதான் சொன்னேம்லா" என்றாள், குரலில் அப்படி ஒரு வெற்றி.

இன்று இவ்வளவுதான்.

ஆறாம் நாள்: மீ சன்

காலை ஐந்தரைக்கு வண்டி. ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் போல. மலை சுற்றி நிற்கிற ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள் செங்கல் கோயில்கள். இந்தப் பக்கத்தை ஒரு காலத்தில் ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் கட்டியவை. நான்காம் நூற்றாண்டுக் கடைசியில் பத்ரவர்மன் என்ற அரசன் இங்கே சிவனுக்கு முதல் கோயில் எழுப்பி, தன் பெயரையும் ஈசன் பெயரையும் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று வைத்தான். தஞ்சையில் ராஜராஜன் ராஜராஜேஸ்வரம் என்று வைத்ததற்கு அறுநூறு வருடம் முன்னால். ராஜாக்களுக்கு எந்த ஊரிலும் இந்த ஆசை ஒன்றுதான். அரசன் வைத்த முதல் கோயில் மரத்தால் ஆனது, அது எரிந்துபோயிற்று. இப்போது நிற்பவை பிற்கால அரசர்கள் செங்கல்லில் கட்டியவை.

செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து தெரியவில்லை. வருடியபடி நிற்கலாம் என்றால் தொடாதே என்று பலகை. சுவரில் கும்பிட்ட கையோடு தேவர்கள், பாதிப் பேருக்குத் தலை இல்லை.

ஒரு மேடையில் லிங்கம். ஆவுடையாரோடு, கூரை இல்லாமல், வானத்துக்கு நேராக. விளக்கு இல்லை, பூ இல்லை, குருக்கள் இல்லை, தரிசன வரிசை இல்லை. ஈரப்பாசி படிந்திருந்தது. நெல்லையப்பரைக் கம்பி வழியாக எட்டி எட்டிப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இப்படித் திறந்தவெளியில் இரண்டடி தூரத்தில் அவரை வைத்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, லிங்கத்துக்கு இட முடியாது என்பதால் எனக்கே இட்டுக்கொண்டேன். தேவாரம் ஒன்றை உதட்டுக்குள் சொன்னேன். இந்த லிங்கத்தின் காதில் கடைசியாகப் பாட்டு விழுந்து எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கும்! சம்பா அழிந்தாலும் அந்நாட்டுச் சாம் மக்கள் அழியவில்லை. தெற்கே ஃபான் ராங் பக்கம் இன்றும் கோயிலில் பூசை நடக்கிறது. இங்கேதான் யாரும் இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய குழி, புல் மூடியிருக்கிறது. குளம் என்று நினைத்தேன். 1969 ஆகஸ்டில் அமெரிக்க பி-52 விமானங்கள் போட்ட குண்டு. இங்கே இருந்தவற்றில் மிகச் சிறந்ததென்று சொல்லப்பட்ட கோபுரம் அன்றோடு போயிற்று, இன்று அந்த இடத்தில் செங்கல் மேடுதான். ஆயிரம் வருடம் மழை, காடு எல்லாவற்றையும் தாங்கி நின்றது. நம் இந்தியத் தொல்லியல் துறையினர் 2017 முதல் சில வருடங்கள் இங்கே சீரமைப்பு வேலை செய்தார்கள். 2020-இல் மண்ணுக்கடியிலிருந்து ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்றை எடுத்தார்கள். அந்தச் சேதி அப்போது பேப்பரில் வந்தது. அதை வெட்டி டைரியில் ஒட்டினேன். வியட்நாம் என்ற யோசனையே அங்கேதான் தொடங்கியது. ஐந்து வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

திரும்பும் வண்டிக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார்கள். தலை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது. நான்தான். என் வாழ்நாளில் குறைந்த தலையாக இருந்தது இதுவே முதல் முறை.

இரவு ஹோய் ஆனில் இன்னோர் அதிசயம். பழைய தெருக்களில் மின்விளக்கை அணைத்துவிட்டார்கள். சந்திரக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் பதினான்காம் இரவு இப்படிச் செய்வார்களாம், சதுர்த்தசி. தாள் விளக்குகளும் நிலவும் மட்டும். ஆற்றில் விளக்கு விடுகிறார்கள். ஜப்பானியர் 1593-இல் கட்டத் தொடங்கிய கூரைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி விளக்கு விற்றார். காசு எடுக்கப் பர்ஸைத் திறந்தால் சின்ன நீல நோட்டு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அதே பாலம்! அன்னாசிக்காரம்மாவிடம் இந்தப் பாலத்தைக் கொடுத்திருக்க வேண்டியது.

விளக்கு விடும்போது எதையாவது வேண்டிக்கொள்ள வேண்டுமாம். அம்மா முழங்கால், தம்பி மகன் ப்ளஸ் டூ, அண்ணன் சர்க்கரை, சித்தி கண் ஆபரேஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பதினோராம் ஆளுக்கு வருமுன் விளக்கு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஏழாம் நாள்: ஹோய் ஆன்

இன்று ஒன்றும் செய்யவில்லை.

தங்கியிருக்கும் வீட்டம்மா காலையில் கதவைத் தட்டி "சாய், சாய்" என்றார். இன்று பௌர்ணமி. மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். ஒரு வாரமாகச் சாய் கடையைத் தேடி அலைந்தவளுக்கு இன்று ஊரே சாய். அவர் வீட்டுப் படையல் சோற்றையே எனக்கும் போட்டார். வாழைப்பூ சாலட், பலாக்காய், பயறு. பலாக்காயை எடுத்ததும் எங்கள் வீட்டு வாசனை.

பக்கத்துத் தெரு முழுக்கத் தையல் கடைகள். ஒரே நாளில் சட்டை தைத்துத் தருவார்களாம். நுழைந்தேன். கடைப்பெண் கேட்டாள்: என்ன நிறம்? கழுத்து வைத்தா, வைக்காமலா? கை எவ்வளவு நீளம்? பொத்தான் எலும்பா, மரமா? ஒன்றுக்கும் பதில் வரவில்லை. என் துணி எல்லாம் தீபாவளிக்கு மதினி எடுத்துக் கொடுப்பது. "உனக்கு இந்தக் காபிப்பொடிக் கலர் அழுக்குத் தெரியாது" என்பாள். வருடா வருடம் காபிப்பொடிக் கலர். கடைப்பெண் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக என் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாம்பழ மஞ்சள், கழுத்து வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே கை, மரப் பொத்தான். கடையை விட்டு வெளியே வந்தபோது பரீட்சை எழுதிய களைப்பு.

தனியாக வெளிநாடு போனால் ஆளே மாறிவிடுவோம் என்கிறார்கள். தைரியம் வரும், தன்னைத் தானே கண்டுபிடிப்போம் என்றெல்லாம். ஏழு நாள் ஆயிற்று. தைரியம் வரவில்லை, கதவுக்கு இன்றும் நாற்காலி வைக்கிறேன். தெரிந்ததெல்லாம் சில்லறை விஷயங்கள். எனக்குக் கோட்டை பிடிக்காது, அருங்காட்சியகம் பிடிக்காது. ரயில் பிடிக்கும். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் ஓரம் உட்காரப் பிடிக்கும். காபியில் சர்க்கரை வேண்டாம், இத்தனை வருடம் வீட்டில் போட்டதைக் குடித்திருக்கிறேன். 49 வயதில் தெரிந்துகொள்கிற சங்கதிகளா இவை?

இன்னொன்றும் மதியம் படுத்திருக்கும்போது ஓடியது. குடும்பப் பயணங்களை நினைக்கும்போதெல்லாம் செருப்புக்குக் காவல் இருந்த என்னையே நினைக்கிறேன். மதினி என்ன செய்தாள்? சிங்கப்பூரில் அவளும் பார்க்கவில்லை, ஒவ்வொரு ராத்திரியும் ரைஸ் குக்கரில் மறுநாளைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். எனக்காவது சம்பளம் இருக்கிறது, டிக்கெட் போட யாரையும் கேட்க வேண்டாம். ஒன்பது நாள் அம்மாவைத் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்றால் உண்மையில் பார்த்துக்கொள்வது தம்பி மனைவி. அவர்கள் இருவரும் இப்படி ஒரு டிக்கெட் போட முடியுமா?

எட்டாம் நாள்: சைகோன்

தா நாங்கிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஹோ சி மின் நகரம் என்பது ஏட்டில், வாயில் சைகோன்தான். வெயில் நம் ஊர் வெயில். போர் அருங்காட்சியகத்து வாசல் வரை போய்த் திரும்பினேன். மீ சன் குழி போதும்.

பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் நம் ஆட்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் உண்டு, வட்டிக்கடை வைத்த நகரத்தார் உண்டு. நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயில் சற்றுத் தள்ளி இருக்கிறது. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் போய்விட்டார்கள். கோபுரத்தைப் பார்த்ததும் காலில் செருப்பு இருப்பது உறைத்தது.

உள்ளே ஒரு தமிழ் முகம் இல்லை. எல்லாம் வியட்நாம் பெண்கள். கைநிறைய ஊதுபத்தி, மல்லிகை. அவர்களுக்கு இவள் இந்திய அம்மாள், கேட்டதைக் கொடுப்பவள். நடுவில் மாரியம்மன், ஒரு பக்கம் மதுரைவீரன், மறுபக்கம் பேச்சியம்மன். பேச்சி! எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறவள். ஊர் விட்டு ஊர் வந்து, பேச ஒரு ஆள் இல்லாமல், நூறு வருடத்துக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறாள். "என்ன தாயி, சௌக்கியமா?" என்று சத்தமாகவே கேட்டேன். பூ வைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சன்னதிக்குப் பின்னால் கருங்கல் சுவர். அங்கே பெண்கள் வரிசையாக நெற்றியைக் கல்லில் ஒட்டி, இரு கையையும் பதித்து, ரகசியம் சொல்வதுபோல் வேண்டுகிறார்கள். ஒருத்தி ரொம்ப நேரம் நின்றாள், தோள் குலுங்கியது. அவள் நகர்ந்ததும் அந்த இடத்தில் நானும் நெற்றியை வைத்தேன். ஆற்றில் விளக்கு விட்டபோது சொல்ல விட்டுப்போனது இருந்ததே, அதைக் கேட்கலாம் என்று. கல் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இருந்த பெண் தொண்டையைச் செருமும் வரை அப்படியே நின்றேன்.

ஒன்பதாம் நாள்: கோலாலம்பூர்

திருச்சி விமானத்துக்கு எட்டு மணி நேரம் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து ரயில் பிடித்து, மாறி, பத்துமலை போய், 272 படியும் ஏறி முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரம் தாராளம். பழைய பாக்கி.

ரயில் டிக்கெட் எடுக்கும் இடம் வரை போனேன். கால் வலித்தது. எனக்கு இப்போது படி ஏற வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம். சாய்வு நாற்காலி ஒன்றைப் பிடித்து, காலை நீட்டி, சர்க்கரை இல்லாத காபியோடு உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் சட்டை போட்டிருக்கிறேன். காலரில் அதற்குள் காபிக் கறை, மதினி சொன்னது வாஸ்தவம்தான்.

போனைத் திறந்தால் குடும்பக் குழுவில் அண்ணன்: "மே மாசம் மூணாறு. மொத்தம் 12 பேர். நீ வந்தாத்தான் சரியா வரும், பிள்ளைகளை நீதான் பாத்துக்கிடணும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டினேன்: "வாரேன். எனக்குத் தனி ரூம் போடு. மதினிக்கும் ஒண்ணு."

"என்னது?" என்று அண்ணன். தம்பி கேள்விக்குறி மட்டும் நான்கு. மதினி ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: "ஜன்னல் உள்ள ரூமா பாத்துச் சொல்லு."

வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.